பூட்டினேன் என்ற சொல்

திறவுகோல் என்பது தமிழ்ச் சொல். அதனினும் மிகுதியாக நம் நாவில் புழங்கும் சாவி என்பதோ போர்த்துக்கீசியரோடு கரையிறங்கிய சொல். இலங்கையில் வாழும் நம் உறவினர் அதனைத் திறப்பு என்பர். நான் முப்பது ஆண்டுகளாக மாணவர்க்குக் கற்பித்து வரும் அரபு மொழியில் அதற்கு மிஃப்தாஹ் என்று பெயர். ‘ஃபத்ஹ்’, அதாவது திறத்தல் என்னும் வேரினின்று பிறந்து, திறக்கும் கருவி என்று பொருள்படுவது அது. தமிழும் அரபும் இக்கருவிக்குப் பெயரிடும்போது திறத்தலையே கருதின, பூட்டுதலைக் கருதவில்லை. ஆனால் அக்கருவியைக் கொண்டு நாம் செய்யும் வேலையில் சரிபாதி பூட்டுதல். அந்தப் பாதியைப் பற்றி நான் எண்ணிப் பார்த்ததே இல்லை. ஒரு பிள்ளையின் நற்பெயர் என் நாவினால் கெட்ட பிறகுதான் எண்ணத் தலைப்பட்டேன்.

2022-ஆம் ஆண்டு மே மாதம், நோன்புப் பெருநாள் கழிந்து இரண்டு வாரம் இருக்கும். கணவனை இழந்த என் தங்கையின் மகளுக்குத் திருமணம் நிச்சயமாகியிருந்தது. வளைகுடாவிலிருந்து திரும்பிய என் தம்பி, வேறொருவர் சில ஆண்டுகள் ஓட்டிய கார் ஒன்றை விலைக்கு வாங்கி வைத்திருந்தான். எங்கள் தெரு குறுகலானது. கார் உள்ளே வாராது. பள்ளிவாசலுக்கு அப்பாலுள்ள திடலில் அது நிற்கும். அதற்குச் சாவிகள் இரண்டு. ஒன்று ஓட்டுநரிடம், மற்றொன்று எங்கள் வீட்டு மாடத்தில்.

ஓட்டுநர் என்று நான் சொல்வது எங்கள் மத்ரஸாவில் ஓதிய பிள்ளையைத்தான். தந்தை இல்லாதவன், தாயையும் தங்கையையும் தன் உழைப்பால் காப்பவன். அவனிடம் ஒரு வழக்கம் இருந்தது. சாவியின் பொத்தானை அழுத்துவான்; காரின் விளக்குகள் மின்னிக் காட்டும்; பிறகும் காரைச் சுற்றிவந்து ஒவ்வொரு கதவின் கைப்பிடியையும் ஒருமுறை இழுத்துப் பார்ப்பான். ஒளுச் செய்யும்போது கழுவிய காலையே மீண்டும் மீண்டும் கழுவித் தவிப்பவர்க்கு ‘வஸ்வாஸ்’ என்று நாங்கள் பெயர் சொல்வோம். “என்ன தம்பி, உனக்குக் கதவிலே வஸ்வாஸா?” என்று நான் அவனைக் கேலி செய்வதுண்டு. “பழகிப்போச்சு ஹஜ்ரத்” என்று சிரித்துக்கொள்வான்.

திருமணத்துக்குத் துணிமணி எடுக்கத் திருச்சிக்குப் புறப்பட்டோம். விடுமுறைக்கு வந்திருந்த என் பேரன், முந்தின இரவு மாடத்துச் சாவியை எடுத்து வைத்துக்கொண்டு, அழுத்துந்தோறும் அதில் மினுங்கும் சிறு சிவப்பு விளக்கைக் கண்டு மகிழ்ந்துகொண்டிருந்தான். காலையில் அவன் கையிலிருந்து அதை வாங்கி என் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். அன்று அதற்கு ஒரு பொருளும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

கடைவீதிக்கு அப்பால் காரை நிறுத்தினோம். பெண்கள் முன்னே நடந்தார்கள். தையற்காரரிடம் கொடுத்திருந்த துணிகளை வாங்கிவர ஓட்டுநரை அனுப்பினேன். என் தங்கை சிறுகச் சிறுகச் சேர்த்த அறுபதாயிரம் ரூபாய் ஒரு துணிப்பையில் இருந்தது. கூட்ட நெரிசலில் அதைச் சுமந்து திரிய அஞ்சி, முன்னிருக்கையின் கீழே தள்ளி வைத்தேன். கதவுகளைச் சாத்தினேன். நடந்துகொண்டே, திரும்பிப் பாராமல், தோளுக்குப் பின்னால் கையை நீட்டிப் பொத்தானை ஒருமுறை அழுத்தினேன்.

ஒன்றரை மணி நேரம் கழித்து நான்தான் முதலில் திரும்பினேன். திறக்கும் பொத்தானை அழுத்தினேன், விளக்குகள் மின்னின, கதவைத் திறந்தேன். பை இல்லை.

கண்ணாடி உடைபடவில்லை, பூட்டில் கீறல் இல்லை. அன்றிரவு உறவினர் கூடிய இடத்தில் என்னை வினவினார்கள். “நான் பூட்டினேன். என் கையால் பூட்டினேன்” என்றேன். அவ்வளவே நான் சொன்னது. அந்தப் பிள்ளையைக் கள்வன் என்று நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. பூட்டிய காருக்கு இரண்டே சாவி, ஒன்று ஹஜ்ரத்திடம், மற்றொன்று யாரிடம்? மீதியைக் கூடியிருந்தவர்கள் தாமே கூட்டிக்கொண்டார்கள். “வெளித் திருடன் வந்திருந்தால் காரையே அல்லவா கொண்டு போயிருப்பான்” என்று ஒருவர் நியாயம் பேசினார். அவன் ஒன்றும் பேசவில்லை. சாவியை என் தம்பியின் கையில் கொடுத்துவிட்டு வெளியேறினான். அதன்பின் ஊரில் அவனிடம் காரை ஒப்படைப்பார் இல்லை. ஒரு மாதத்தில் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டான்.

ஐந்து மாதம் சென்றது. மின்னணுவியல் படித்த என் மகள் பிள்ளையோடு மறுபடியும் வந்திருந்தாள். பேரன் பழைய விளையாட்டை மறக்கவில்லை. இரவெல்லாம் சாவியும் கையுமாகவே இருந்தான். காலையில் நானும் மகளும் திடலுக்குப் போனோம். பொத்தானை அழுத்தினேன், கார் வாய்திறவாமல் நின்றது. மீண்டும் அழுத்தினேன், விளக்குகள் மின்னிக் கதவுகள் திறந்துகொண்டன. “பேட்டரி தீர்ந்துவிட்டது போலும்” என்றேன். அவள் சிரித்தாள். “பேட்டரி இல்லை வாப்பா. உங்க பேரன் ராத்திரி எண்ணிக்கையைத் தள்ளிவிட்டுட்டான். அதனாலே கார் முதல் தடவை நம்பலே” என்றாள்.

கார் நம்பவில்லை என்ற சொல் எனக்குப் புதுமையாக இருந்தது. விளக்கிச் சொல் என்றேன். அவள் சொன்னதை என் மொழியில் தருகிறேன்.

அச்சாவியினுள்ளே நாணயம் போன்றதொரு மூன்று வோல்ட் பேட்டரியும், ஒரு சில்லும், சிறியதோர் அலைபரப்பியும் இருக்கின்றன. பொத்தானை அழுத்தும்வரை அவை உறங்கிக் கிடக்கும். அழுத்தியவுடன் விழித்து, ஒரு செய்தியை வானொலி அலையில் ஏற்றி அனுப்பிவிட்டு மீண்டும் உறங்கும். நம் நாட்டிலும் ஐரோப்பாவிலும் இதற்குப் பெரிதும் பயன்படுவது 433.92 மெகாஹெர்ட்ஸ், அதாவது வினாடிக்கு 43 கோடி முறைக்கு மேல் அதிரும் அலை. அமெரிக்காவிலும் ஜப்பானிலும் 315 மெகாஹெர்ட்ஸ் வழக்கம். காரில் உள்ள பெறுகருவி அச்செய்தியைச் செவிமடுத்து, தன் சாவியின் குரல்தான் என்று தேறினால் கதவுகளின் பூட்டை இயக்கும். 1982-இல் பிரான்சு நாட்டு ரெனோ நிறுவனத்தின் ஃபுவேகோ என்னும் காரில் இவ்வசதி வந்தபோது, தொலைக்காட்சி ரிமோட்டைப் போல அகச்சிவப்பு ஒளியே அதில் தூது சென்றது. வானொலி அலை வந்தபின் சாவியைக் காருக்கு நேரே குறிவைக்கும் தேவை ஒழிந்தது.

சாவி அனுப்பும் செய்தி யாது என்பதே இங்கு நுட்பம். முற்காலத்துச் சாவிகள் எப்போதும் ஒரே எண்ணையே சொல்லின. அருகே மறைந்து நிற்பவன் அதனை ஒருமுறை பதிவு செய்துகொண்டால், உரியவர் போனபின் அதையே ஒலித்துக் கதவைத் திறந்துவிடலாம். ஒரே மறைசொல்லை மட்டும் அறிந்த வாயிற்காவலனை ஏய்ப்பது அரிதன்றே! ஆகவே, ஒருமுறை சொன்னதை மறுமுறை சொல்லாத சாவி தேவைப்பட்டது.

அதற்கு வழிகண்ட முறைகளுள் பெயர்பெற்றது ‘கீலாக்’ என்பது. 1980-களின் நடுப்பகுதியில் தென்னாப்பிரிக்காவில் உருவாக்கப்பட்டது; 1995-இல் மைக்ரோசிப் என்னும் அமெரிக்க நிறுவனம் அதனை விலைக்கு வாங்கியது. கார்ப் பூட்டுகளிலும் வீட்டுக் கார்க்கொட்டகைக் கதவுகளிலும் அது உலகெங்கும் பரவியது. அம்முறையில் சாவிக்கும் காருக்கும் இடையே இரண்டு பொருள்கள் பொதுவானவை. ஒன்று, 64 பிட் நீளமுள்ள இரகசிய எண். அது ஒருபோதும் வெளியே பேசப்படுவதில்லை. மற்றொன்று, எத்தனையாவது அழுத்தம் என்னும் எண்ணிக்கை. ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் சாவி தன் எண்ணிக்கையை ஒன்று கூட்டி, இரகசிய எண்ணைக்கொண்டு அதனைக் குலைத்து மறைத்து அனுப்புகிறது. செய்தி முழுவதும் 66 பிட். அதில் மறைக்கப்பட்ட பகுதி 32 பிட். 32 பிட் என்றால் 429 கோடிக்கு மேற்பட்ட வெவ்வேறு வடிவங்கள். எண்ணிக்கை ஒன்றே ஒன்று கூடினாலும் வெளியே வரும் உருவம் முற்றிலும் வேறுபட்டுப் போகும். ஒட்டுக் கேட்பவனுக்கு முன்னதற்கும் பின்னதற்கும் உறவே தெரியாது.

கார் அச்செய்தியை அவிழ்த்து உள்ளேயுள்ள எண்ணிக்கையைப் பார்க்கிறது. தான் கடைசியாகக் கேட்ட எண்ணிக்கைக்கு அடுத்ததாக இருந்தால் ஏற்கிறது. முன்பு கேட்டதாகவோ அதற்கும் பழையதாகவோ இருந்தால் தள்ளிவிடுகிறது. கார் எட்டாத தொலைவில், சட்டைப்பையில் தற்செயலாகப் பொத்தான் அழுந்தினால் என்னாவது? அதற்கும் இடம் வைத்திருக்கிறார்கள். எண்ணிக்கை 16 வரை முன்னே போயிருந்தால் கார் ஐயுறாமல் ஏற்கும். அதற்கும் மேலே, முப்பத்திரண்டாயிரத்துச் சொச்சம் வரை போயிருந்தால், உடனே ஏற்காது. கேட்டதை நினைவில் வைத்துக்கொண்டு வாளாயிருக்கும். அடுத்த அழுத்தம் அதற்கு நேர் அடுத்த எண்ணாக வந்தால், “இவன் நம்மவன்தான், எங்கோ தனியே எண்ணிக்கொண்டு போயிருக்கிறான்” என்று தெளிந்து, தன் எண்ணிக்கையைத் திருத்திக்கொண்டு கட்டளையை நிறைவேற்றும்.

எனக்கு ஹிஃப்ழு வகுப்பு நினைவுக்கு வந்தது. இரண்டு மாணவர் மாறி மாறி ‘தவ்ரு’ ஓதுவர். ஒருவன் நிறுத்திய இடத்திலிருந்து மற்றவன் எடுப்பான். ஒருவன் சில வரி தாண்டிப் போய்விட்டால், மற்றவன் ஒரு நொடி தயங்கி, அடுத்த வரியையும் கேட்டபிறகு இடத்தைக் கண்டுகொள்வான். இருவர் நெஞ்சிலும் ஒரே ஏடு இருப்பதால் இது கூடுகிறது. ஏடு இல்லாதவன் எத்தனை முறை ஒட்டுக் கேட்டாலும் அடுத்த வரியை அறியான்.

மறைத்தெழுதும் கலையும் நம் ஏடுகளுக்கு அயலன்று. ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அல்-கிந்தீ, மறைத்தெழுதிய மடல்களில் எவ்வெழுத்து எத்தனை முறை வருகிறதென்று எண்ணி அவற்றை விடுவிக்கும் முறையை ஒரு நூலாகவே எழுதிவைத்தார். 1206-இல் அல்-ஜஸரீ நிறைவு செய்த பொறிநூலில், எழுத்து வட்டுகளைத் திருப்பித் திறக்கும் பெட்டிப் பூட்டு ஒன்று விளக்கப்பட்டுள்ளது. இவற்றையெல்லாம் என் மகளிடம் பெருமையோடு சொல்ல வாயெடுத்தேன். அப்போதுதான் அவள் சற்று முன் சொன்ன ஒரு சொல் என் நெஞ்சில் தைத்தது: “கார் முதல் தடவை நம்பலே.”

திருச்சிக்குப் போன நாளும் முந்தின இரவு பேரன் கையில் இதே சாவிதானே இருந்தது? ஒவ்வொரு சாவிக்கும் எண்ணிக்கை தனித்தனி என்றும் அவள் சொன்னாள். ஆகவே ஓட்டுநரின் சாவி அன்று காலை முதல் செம்மையாக வேலை செய்ததில் வியப்பில்லை. என் சாவி மட்டும் எங்கோ முன்னே போயிருந்தது. நான் பூட்டுவதற்கு அழுத்தியது முதல் அழுத்தம். கார் அதைக் கேட்டது, ஏற்கவில்லை, காத்திருந்தது. விளக்கு மின்னியிராது. நான்தான் திரும்பிப் பார்க்கவில்லையே! ஒன்றரை மணி நேரம் கதவுகள் பூட்டாமலே கிடந்தன. நான் திரும்பி வந்து திறக்க அழுத்தியது இரண்டாம் அழுத்தம். அது நேர் அடுத்த எண். கார் இப்போது ஏற்றது, விளக்குகள் மின்னின. திறந்திருந்த கதவைத் திறந்துவிட்டு, பூட்டியிருந்தது என்று சான்று கூறினேன்.

என் முகம் மாறியதைக் கண்டு மகள் காரணம் கேட்டாள், சொன்னேன். அவள் சற்று நேரம் பேசவில்லை. “இந்தக் காரிலே இருக்கறது அதே கீலாக்கான்னு எனக்குத் தெரியாது வாப்பா. ஆனா சோதிச்சுப் பார்த்துடலாம்” என்றாள். இருவரும் கடற்கரைக்கு நடந்தோம். அங்கே முப்பது முறை பொத்தானை அழுத்தினோம். திடலுக்குத் திரும்பிப் பூட்டும் பொத்தானை ஒருமுறை அழுத்தினேன். ஓசையில்லை, ஒளியில்லை. கைப்பிடியை இழுத்தேன், கதவு திறந்தது. அதைச் சாத்திவிட்டு ஒன்றரை மணி நேரம் காத்திருந்தோம். பின் திறக்கும் பொத்தானை அழுத்தினேன். விளக்குகள் மின்னின.

“திருடன் வந்திருந்தால் காரையே கொண்டு போயிருப்பான் என்றார்களே” என்று கேட்டேன். சாவியின் தலைக்குள் வேறொரு சிறு சில்லும் உண்டு என்றாள். சாவியைத் துளையில் இட்டுத் திருப்பும்போது கார் அச்சில்லோடு தனியே பேசி, அதை அடையாளம் கண்ட பிறகே எஞ்சினை இயங்கவிடும். கதவு திறந்து கிடந்தாலும் கார் நகராது. இருக்கையின் கீழிருந்த பைதான் நகரும். கூடியிருந்தவர் பேசிய நியாயமும் இவ்வாறு உதிர்ந்தது.

பணத்தை எடுத்தவன் யார் என்பதை இச்சோதனை காட்டாது. அது எனக்குத் தெரியும். ஆனால் அந்த ஒன்றரை மணி நேரத்தில் தெருவில் போன எவரும் எடுத்திருக்கலாம் என்பதைக் காட்டிற்று, அது போதும். உறுதியை யகீன் என்றும், எண்ணத்தளவில் நிற்பதை ழன்னு என்றும் பிரித்து, ஒன்றை மற்றொன்றின் இடத்தில் வைக்கலாகாது என்று முப்பது ஆண்டுகளாகப் பாடம் சொல்பவன் நான். ஒருவர்மேல் குற்றம் நிறுவப்படும்வரை அவர் குற்றமற்றவர் என்பதே மூலநிலை. ஐயத்தைக் கொண்டு அதனை அசைக்கலாகாது என்றும் பாடம் சொல்பவன். “பொத்தானை அழுத்தினேன்” என்பதே நான் அறிந்தது. “பூட்டினேன்” என்பது நான் எண்ணியது. இவ்விரண்டுக்கும் இடையே இருந்த ஒரு விளக்கின் மின்னலைப் பாராமல், எண்ணியதை அறிந்ததாகச் சொன்னேன். ஆலிம் சொல்கிறார் என்று ஊர் நம்பிற்று. கார் என்னைவிட நியாயமாக நடந்துகொண்டது. ஐயம் வந்தபோது அது ஏற்கவுமில்லை, அடியோடு தள்ளவுமில்லை. மற்றொரு சொல் வரும்வரை பொறுத்திருந்தது.

அன்று மாலையே என் தம்பியையும் தங்கையையும், அன்றிரவு கூடியிருந்தவர்களுள் ஊரில் இருந்தவர்களையும் அழைத்து, திடலில் வைத்து அச்சோதனையை அவர்கள் கண்முன் செய்து காட்டினேன். “என் சாட்சியம் தவறு” என்று எல்லாரும் கேட்கச் சொன்னேன். மறுநாள் தம்பியோடு திருப்பூர் சென்றேன்.

அந்தப் பிள்ளை வேலை விட்டு வரும்வரை அவன் தங்கியிருந்த அறையின் வாசலில் நின்றோம். நடந்ததைச் சொல்லி, “என்னைப் பொறுத்துக்கொள், தம்பி” என்றேன். அவன் கண்கள் கலங்கின. மீண்டும் வந்து காரை ஓட்டுமாறு என் தம்பி கேட்டான். “இங்கே வேலை பழகிட்டேன் காக்கா” என்று மறுத்துவிட்டான். அந்த மறுப்பில் கசப்பு இருந்ததா, இல்லையா என்று நான் ஆராயவில்லை. அதற்கு எனக்கு உரிமையில்லை. விடைபெறும்போது, “உம்மாகிட்டேயும் ஒரு வார்த்தை சொல்லிடுங்க ஹஜ்ரத். அவங்கதான் தெருவிலே தலை நிமிர்ந்து நடக்கலே” என்றான். ஊர் திரும்பி, பயணத் துணியைக் களையுமுன் அந்த வீட்டு வாசலுக்குப் போய்ச் சொன்னேன். கதவுக்குப் பின்னிருந்து அழுகுரல் மட்டுமே மறுமொழியாக வந்தது.

இக்கட்டுரையைப் படிக்கும் குடும்பங்களில் பலவற்றில் இன்று கார் உண்டு. ஆகவே என் மகள் சொன்ன சிலவற்றை இங்கே சொல்லி முடிக்கிறேன். எண்ணிக்கை மாறும் சாவியும் வெல்லப்படாத கோட்டை அன்று. கீலாக் முறையின் மறைப்பையே 2007-லும் 2008-லும் ஆய்வாளர்கள் உடைத்துக் காட்டினார்கள். 2015-இல் அமெரிக்காவின் சாமி கம்கார் என்பவர் ஒரு சிறு கருவியைக் காட்டினார். அது காரின் செவியை இரைச்சலால் அடைத்து, முதல் அழுத்தத்தைத் தானே பதிந்துகொள்கிறது. உரியவர் இரண்டாம் முறை அழுத்தும்போது அதையும் பதிந்துகொண்டு, முதலாவதைக் காருக்கு அனுப்புகிறது. கதவு பூட்டிக்கொள்ளும், பயன்படாத ஒரு செய்தி கள்வன் கையில் மிஞ்சும். பொத்தானே அழுத்தாமல், சாவி அருகே வந்ததும் திறக்கும் கார்களில் வேறோர் ஆபத்து. வீட்டினுள் இருக்கும் சாவியின் பேச்சை இரு கருவிகள் கொண்டு வெளியே நிற்கும் காருக்குக் கடத்திவிடலாம். 2011-இல் சூரிச் நகர ஆய்வாளர்கள் எட்டு நிறுவனங்களின் பத்துக் கார்களை இவ்வாறு திறந்து காட்டினர். அத்தகைய சாவியை இரவில் மூடியுள்ள தகரப் பெட்டியில் இட்டு வைப்பது நலம். அலை போய்வரும் நேரத்தை அளந்து, சாவி உண்மையில் எவ்வளவு தொலைவில் இருக்கிறதென்று தேறும் புதிய கார்களும் வந்துள்ளன.

எந்தக் காராயினும், பூட்டும்போது திரும்பிப் பாருங்கள். விளக்கு மின்னுகிறதா என்று நோக்குங்கள். பின் கைப்பிடியை ஒருமுறை இழுத்துப் பாருங்கள். சிறு பிள்ளைகளிடம் சாவியை விளையாடக் கொடாதீர்கள்.

நான் இப்போது நான்கு கதவுகளையும் இழுத்துப் பார்த்துவிட்டே நகர்கிறேன். சென்ற வாரம் மத்ரஸா மாணவன் ஒருவன் அதைக் கண்டு, “என்ன ஹஜ்ரத், வஸ்வாஸா?” என்று சிரித்தான். இல்லை என்று சொல்லி, அவனை அருகே உட்காரவைத்து, இக்கதையை முதலிலிருந்து சொன்னேன்.